பதினோராம் நம்பர் பில்லை

ஜனவரி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. வெயில் இருந்தது, ஆனால் காதுக்குள் ஊசி ஏற்றுகிற குளிர்காற்றும் இருந்தது. மப்ளரை வீட்டில் வைத்துவிட்டு வந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு முன்னால் ஒரு டெம்போ டிராவலர் பெங்களூருக்குப் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. அதன் மூக்குக்கு நேரே எழுபத்திரண்டு வயது மனிதர் ஒருவர் கையில் பித்தளை மணியோடு நின்று, "ஒரு ஆள் இன்னும் கீழ இருக்கான். வண்டி நவுராது" என்றார்.

அவர்தான் பெல் நைனா. சுற்றுலாவால் நாட்டுக்கு எத்தனை கோடி வந்தது என்று சொல்ல டில்லியில் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் வந்த பயணிகளைப் பொன்னைப் போல எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுத்த ஒரே மனிதர், இமயத்திலிருந்து குமரி வரை தேடினாலும், எங்கள் பெல் நைனாதான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ரேஷன் கார்டில் ஏதாவது இருந்தாக வேண்டும். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றின் வாயில் நின்று, கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி இறக்கி, மணி அடிக்கும் வேலை அவருக்கு. மூன்று தரம் அடித்தால் உள்ளே இருப்பது மனிதர்கள், மெதுவாக இறக்கு என்று எஞ்சின் டிரைவருக்கு அர்த்தம். இறங்குகிறவன் பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட பித்தளைப் பில்லையை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டுவான். ஓர் ஆணி காலியாக இருந்தால் ஒருவன் இன்னும் பூமிக்குள் இருக்கிறான். அதுவரை ஷிப்ட் முடியாது, நைனா வீட்டுக்குப் போக மாட்டார்.

சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நைனாவை மூடத்தான் ஆளில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினால், டிரைவர் தலையை எண்ணிச் சொன்ன பிறகுதான் கிளம்ப விடுவார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களும் எழுந்தவர்களும் கணக்கு ஒத்துவராமல் இரண்டாம் பந்தியை நிறுத்தி வைத்தார். தேடிப் பார்த்ததில், மாப்பிள்ளையின் சித்தப்பா பாயசத்துக்காக இரண்டாம் தரம் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் லைனில் ஒரு பெரியவர் இறந்தபோது இடுகாட்டு வாசலில் நின்று நைனா எண்ணினார். போகும்போது முப்பத்திரண்டு. திரும்பும்போது முப்பத்தொன்று. வழியை மறித்துக்கொண்டார்.

"உள்ள ஒரு ஆள வுட்டுட்டு வந்துகிறீங்க."

"அவரத்தான் நைனா பொதச்சிட்டு வந்தோம்!"

ஒரு நிமிடம் யோசித்தார். "அப்போ சரி" என்று வழியை விட்டார். இதற்கு நான் சாட்சி. முப்பத்திரண்டில் நானும் ஒருவன், முப்பத்தொன்றிலும்.

இப்படிப்பட்டவர் சுற்றுலாத் தொழிலுக்கு வந்ததற்குக் காரணம் நான். இங்கே ஒரு காலேஜில் முப்பத்தொரு வருஷம் பொருளாதாரம் நடத்தியவன். ஒரு சினிமா வந்ததற்குப் பிறகு, சனி ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து இளைஞர்கள் காரிலும் பைக்கிலும் வந்து எங்கள் சயனைடு மேட்டின் மேல் ஏறி நின்று போட்டோ பிடிக்க ஆரம்பித்தார்கள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண்தான் அந்த மேடு. நாங்கள் நூறு வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிற இடம். அவர்கள் அதன் முன்னால் கையை விரித்து நின்றார்கள். பிறகு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்து, பாட்டிலை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள்.

"இவனுங்க வர்றதால நம்மளுக்கு இன்னா சார் லாபம்?" என்று டீக்கடை பெஞ்சில் நைனா கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. வளரும் நாட்டின் பொருளாதார வளர்ச்சியில் சுற்றுலாவின் பங்கு என்பது என் வகுப்பில் ஐந்து மதிப்பெண் கேள்வி. பாயிண்டுக்கு ஒரு மதிப்பெண். விரலை மடக்கிக்கொண்டு சொன்னேன்.

"ஒண்ணு, அந்நியச் செலாவணி."

"வர்றவன் ஓசூரு, பெங்களூரு. அவன் கைல ஏது சார் டாலரு?"

"ரெண்டு, சாலை வசதி பெருகும்."

"ரோடு போட்டா இவன் வருவானா, இவன் வந்தா ரோடு போடுவாங்களா?"

மூன்றாவது வேலைவாய்ப்பு, நான்காவது உள்ளூர்ப் பொருள்களின் விற்பனை என்று வேகமாகக் கடந்தேன். "நம்ம ஊர்ப் பொருளு இன்னா சார்? சயனைடு மண்ணா?" என்றார். அதையும் கடந்து ஐந்தாவதான பெருக்க விளைவுக்கு வந்தேன். ஒரு பயணி கொடுக்கிற ரூபாய் டீக்கடைக்காரனிடம் நிற்பதில்லை. அது பால்காரனுக்குப் போகிறது, அவனிடமிருந்து தீவனக் கடைக்குப் போகிறது, இப்படிக் கை மாறி மாறி ஒரு ரூபாய் மூன்று ரூபாய் வேலையைச் செய்கிறது என்று விளக்கினேன். மாணவர்கள் இதை எழுதிக்கொண்டார்கள். நைனா சோதித்துப் பார்த்தார்.

மறு ஞாயிறு பைக்கில் வந்த ஒருவன் டீக்கடையில் நீட்டிய நூறு ரூபாய் நோட்டில் நடுவே டேப் ஒட்டியிருந்தது. அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு நைனா நோட்டின் பின்னாலேயே கிளம்பிவிட்டார். பால்காரனின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினார். தீவனக் கடை வாசலில் உட்கார்ந்தார். கடைக்காரர், "யாரு நைனா வேணும்?" என்று கேட்டதற்கு, "ஒன்னோட கல்லாப்பெட்டிய பாத்துகினு இருக்கேன்" என்றாராம். கடைக்காரர் போலீசுக்குப் போன் செய்யாதது எங்கள் ஊரின் பெருந்தன்மை. இருட்டுகிற நேரத்தில் மூச்சிரைக்க என் வீட்டுக்கு வந்தார்.

"நாலு கை மாறிச்சு சார். நீங்க சொன்னது கரீட்டு."

"சொன்னேன் இல்லையா!"

"அஞ்சாவது கை ஒயின் ஷாப்பு. அங்க உள்ள போனது போனதுதான், வெளிய வரல. நோட்டும் வரல, எட்துகினு போன ஆளும் வரல."

"அதற்குப் பொருளாதாரத்தில் கசிவு என்று பேர், நைனா. லீக்கேஜ்."

"லீக்கேஜா? அப்போ பம்பு போடணும் சார். நம்ம மைன்ஸ்ல தண்ணி ஒழுகினா சும்மா பாத்துகினா இருந்தோம்?"

அவருடைய பம்பு செல்வி.

செல்வி எங்கள் லைனில் மூன்றாவது வீடு. பெங்களூரில் ஒரு துணி பாக்டரியில் தையல் வேலை. விடிவதற்கு முன் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகும். பதினோரு வருஷமாக இதே ஓட்டம். "என் பொண்ணு மூஞ்ச அது தூங்கறப்போதான் பாக்கறேன்க்கா. நிக்கவெச்சுப் பாத்தா எத்தினி உயரம்னு எனுக்குத் தெரியாது" என்று ஒரு நாள் என் மனைவியிடம் சொன்னாள். ராகிக் களியும் கறிக்குழம்பும் அவள் செய்தால் லைனில் நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வரும். பயணி நோட்டை நீட்ட வேண்டிய இடம் தண்ணீர் பாட்டில் இல்லை, செல்வியின் அடுப்பு என்று நைனா தீர்மானித்தார்.

பெங்களூரில் டூர் வண்டி ஓட்டும் கிரண் என்ற பையனை அவர்தான் சயனைடு மேட்டின் அடியில் மடக்கிப் பிடித்தார். கன்னடக்காரப் பையன், தமிழும் பேசுவான். மூன்று ஞாயிறு வெள்ளோட்டம் என்று பேச்சு. லைன் வீடுகளைப் பார்ப்பது, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று ஷாஃப்டின் இரும்புக் கோபுரத்தைப் பார்ப்பது, மேட்டில் ஏறி இறங்குவது, செல்வி வீட்டில் சாப்பாடு. மூன்றும் தகராறு இல்லாமல் நடந்தால் சனி ஞாயிறு இரண்டு நாளும் வண்டி வரும். அப்படி வந்தால் செல்வி ரயிலை விட்டுவிடலாம். கணக்கை நான் போட்டுப் பார்த்தேன், மூன்று தரம். விட்டுவிடலாம்.

முதல் போட்டது நான். பெஞ்சு, தட்டு, பெரிய குண்டான், இவற்றுக்கு நான் முனகவில்லை. முனகியது பில்லைக்கு. ராபர்ட்சன்பேட்டை லேத் பட்டறையில் நம்பர் அடித்து இருபத்து நாலு பித்தளைப் பில்லை செய்துகொண்டு வந்து, ரசீதை என்னிடம் நீட்டினார் நைனா.

"இது எதற்கு? வருகிறவர்கள் சுரங்கத்துக்குள்ளா போகிறார்கள்?"

"மேட்டு மேல போறாங்க இல்ல? எத்தினி பேர் போனாங்க, எத்தினி பேர் வந்தாங்க, தெரிய வாணாமா? பெத்தவங்க கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா?"

செல்வி வீட்டுச் சுவரில் ஆணி அடித்த பலகை ஏறியது.

முதல் இரண்டு ஞாயிறும் அமோகம். வந்தவர்களை எட்டெட்டுப் பேராகப் பிரித்து, கேஜில் நிற்பதுபோல் முழங்கையை ஒடுக்கி நிற்கச் சொல்லி, ஆளுக்கொரு பில்லை கொடுத்து, மூன்று தரம் மணி அடித்துத்தான் நடக்க விடுவார். பயணிகள் இதை ஏதோ நாடகம் என்று நினைத்து மகிழ்ந்தார்கள். கூலிங் கிளாஸ் போட்ட ஓர் அம்மாள் கைதட்டியே விட்டார். நைனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கை தட்டாதீங்கம்மா. டிரைவருக்கு சிக்னல் கொழம்பிடும்." அதற்கும் கைதட்டினார்கள். களி இரண்டாம் தரம் கேட்டுச் சாப்பிட்டார்கள். அந்தக் கூலிங் கிளாஸ் அம்மாள் மூன்றாம் ஞாயிறு தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்த மூன்றாம் ஞாயிறுதான் நான் முதலில் சொன்ன ஜனவரி பன்னிரண்டு. பத்தொன்பது பேர் வந்தார்கள், பத்தொன்பது பில்லை போயிற்று. வண்டி ஏறும்போது நைனா நீட்டிய தட்டில் திரும்பி விழுந்தது பதினெட்டு. பலகையில் பதினோராம் நம்பர் ஆணி காலி.

கிரண் வண்டிக்குள் ஏறித் தலையை எண்ணினான். பத்தொன்பது. நானும் எண்ணினேன். பத்தொன்பதுதான்.

"எல்லாரும் இருக்காங்க நைனா" என்றான் கிரண்.

"நீ தலைய எண்ற. தலை ஏமாத்தும். நான் போர்ட எண்றேன். ஆணி காலி. ஆள் கீழ இருக்கான்."

"ஏனு சார் இது! எங்கே கீழே? கீழேன்னு ஒண்ணே இல்லையே இங்கே!" என்று அவன் என்னிடம் திரும்பிக் கத்தினான்.

நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ பில்லையை ஞாபகத்துக்காகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முதல் நிமிடம் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார். ஆனால் நைனா மணியோடு வண்டியை மறித்து, உயிர் போன விஷயம்போல் பேசப் பேச, எந்த மனிதன் எழுந்து "என்னிடம்தான் இருக்கிறது" என்பான்? பத்தொன்பது பேரும் ஜன்னலுக்கு வெளியே இல்லாத இயற்கைக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்மணி ஆயிற்று. அரைமணி ஆயிற்று. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. கிரண் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "டிராஃபிக்ல மாட்டினா ராத்திரி பத்து மணி சார். இதுதான் கடைசி. இனி இந்தப் பக்கம் வண்டி வராது" என்றான்.

செல்வி கை கழுவாமலே வெளியே ஓடி வந்தாள்.

"நைனா, உன் காலுல விழறேன், வழிய வுடு. இவங்க போய் நாலு பேருகிட்ட இன்னா சொல்லுவாங்க? அந்த ரயில்லயே நான் சாவணுமா?"

நைனாவின் தாடை ஆடியது. ஆனால் கால் ஆடவில்லை. "உனுக்காகத்தான் சொல்றேன்மா. நான் பெல் அடிக்க முடியாது."

நான் அவரைத் தோளைப் பிடித்துத் தனியாக அழைத்துப் போனேன். "நைனா, நாளைக்கே லேத் பட்டறையில் வேறு ஒரு பதினொன்று அடித்துத் தருகிறேன். என் செலவு. அதை மாட்டிவிடலாம், ஆணி நிறைந்துவிடும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்பிடி ஒரு தபா மாட்டினாங்க சார்" என்றார். "டூப்ளிகேட் மாட்டி, ஷிப்ட் முடிஞ்சுதுன்னு எல்லாரும் ஊட்டுக்குப் போய்ட்டாங்க."

பொருளாதாரம் படித்தவனிடம் அதற்குப் பாயிண்டு இல்லை.

இதைச் செல்வியும் கேட்டுவிட்டாள். வீட்டுக்குள் போனாள். வரும்போது கையில் முறுக்கு டின் இருந்தது. மேலே ஒரு துண்டைப் போர்த்தியிருந்தாள். வண்டிக்குள் ஏறினாள்.

"எல்லாரும் ஒரு தபா துண்டுக்குள்ள கைய வுட்டு எடுங்க. ஒண்ணும் இல்லாதவங்களும் வுடணும். யாரு இன்னா போட்டீங்கன்னு நான் பாக்க மாட்டேன், சாமி சத்தியமா. இவரு வயசானவரு, இப்டியே வுட்டா ராத்திரி பூரா மேட்டு மேல டார்ச்சு அட்ச்சுகினு சுத்துவாரு."

கிரண் அதைக் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் சொன்னான். டின் முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. பெஞ்சின்மேல் கவிழ்த்தோம்.

பதினோராம் நம்பர் பில்லை விழுந்தது. அதோடு நிற்கவில்லை. செல்வியின் இரண்டு ஸ்பூன், ஒரு எவர்சில்வர் டம்ளர், ரயில் தண்டவாளத்து ஆணி ஒன்று, வெள்ளைக் கல் ஒன்பது, யாரோ தெரியாமல் போட்டுவிட்ட லிப்ஸ்டிக், அப்புறம் மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டு. டம்ளர் எப்படி ஒரு மனிதனின் பைக்குள் போகும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். பில்லை யாரிடம் இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. கூலிங் கிளாஸ் அம்மாள் மட்டும் பெஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை என்பது தெரியும்.

நைனா பில்லையை வேட்டியில் துடைத்து, ஆணியில் மாட்டி, பலகையை ஒரு பார்வை பார்த்து, ஓரமாக நகர்ந்து மணி அடித்தார். வண்டிக்குள்ளிருந்து கைதட்டல் வெடித்தது. இந்தத் தரம் அவர் தடுக்கவில்லை.

கிரண் மட்டும் வண்டியில் ஏறாமல் பெஞ்சில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றான். "சார், ஜனங்க கல்லைக்கூட விடலை. எதையாவது எடுத்துட்டுப் போகணும்னு பார்க்கறாங்க. அந்தப் பில்லையை நூத்தம்பது ரூபாய்னு வைங்க, அத்தனையும் போகும்."

நான்காவது பாயிண்டு, உள்ளூர்ப் பொருள்களின் விற்பனை. முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் எழுதியவன், ஒரு முறுக்கு டின்னைக் கவிழ்த்த பிறகுதான் அதை நேரில் பார்த்தேன்.

நைனா ஒத்துக்கொள்ளவில்லை. "பில்லைய எட்துகினு போனா ஆள் கீழயே இருந்துடுவான். அத விக்க மாட்டேன்." கிரண் தலையில் கையை வைத்துக்கொண்டான். செல்வி பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நைனா கொஞ்ச நேரம்தான் தாங்கினார்.

"நம்பர் போடாத பில்லைன்னா விக்கலாம்" என்றார் கடைசியில். "நம்பர் இருந்தாதான் அது ஆளு. நம்பர் இல்லாட்டி அது வெறும் பித்தளை."

"நம்பர் இல்லாம யார் வாங்குவா?" என்றான் கிரண்.

வாங்கினார்கள். அடுத்த வாரம் சனிக்கிழமையே வண்டி வந்தது. நைனா ஒரு கையில் நம்பர் பில்லையும் ஒரு கையில் வெறும் பில்லையும் வைத்துக்கொண்டு விளக்கினார்: "இது வெச்சிருந்தா நீங்க திரும்பி வந்தாவணும். இது வெச்சிருந்தா நிம்மதியா ஊட்டுக்குப் போலாம்." ஒரு இளைஞன் தனக்கு நம்பர் போட்டதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தான். "அப்போ இங்கயே இரு. செல்வி, இவனுக்கும் ஒரு பாய் போடு" என்றார். அவன் வெறும் பில்லை இரண்டு வாங்கிக்கொண்டு போனான். என் முதல் எனக்குப் பங்குனிக்குள் முழுசாக வந்துவிட்டது. செல்வி வட்டி கொடுக்க வந்தாள். களியாக வாங்கிக்கொண்டேன்.

செல்வியின் ரயில் பாஸ் ஜனவரியோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை என்று சொன்னாள். பிப்ரவரி முதல் திங்கட்கிழமை, பொழுது விடியாத நேரத்தில் நைனா என் கதவைத் தட்டினார்.

"கெளம்புங்க சார். டேசனுக்குப் போய்ட்டு வரலாம்."

"எதற்கு? அவள்தான் நின்றுவிட்டாளே."

"பழக்கம் சார். கால் தானா போவும். மைன்ஸ் மூடினப்பறம் ஆறு மாசம் நான் ஷிப்டுக்கு எழுந்து போனேன், கேட்டாண்ட போய்தான் ஞாபகம் வரும். அது பொம்பள, இருட்டுல தனியா வந்து ரயில் ஏறிடப் போவுது."

முட்டிவலி, பனி, மப்ளர், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போனேன். சும்மா பிளாட்பாரத்தில் நிற்பது சட்டப்படி தவறு என்று நான் சொன்னதால், அடுத்த ஸ்டேஷனான கோரமண்டலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தோம். ரயில் வந்தது. சாப்பாட்டுப் பைகளோடு எங்கள் லைன் ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். நைனா கடைசிப் பெட்டி வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். செல்வி வரவில்லை. ரயில் போய்விட்டது.

"எத்தனை பேர் ஏறினார்கள் நைனா?" என்று கேட்டேன். நான் எண்ணியிருந்தேன், சரிபார்க்கத்தான் கேட்டேன்.

"எண்ணல சார்" என்றார். பல் தெரியச் சிரித்தார். "வராத ஒரு ஆளத்தான் பாத்துகினு இருந்தேன்."

திரும்பும் வழியில் மூன்றாவது வீட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே தாயும் மகளும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நைனா தெருவில் நின்று அந்தச் சண்டையைக் கடைசி வரை கேட்டார். குளிரில் நானும் நின்றேன்.

இந்தச் சுற்றுலாத் தொழிலில் எனக்குத் திரும்பி வராமல் போன தொகை, ஏறாத ரயிலுக்கு எடுத்த அந்த இரண்டு டிக்கெட்தான். மறுநாளும் அவர் வந்து கதவைத் தட்டியிருந்தால் மறுபடியும் எடுத்திருப்பேன், இருபது ரூபாய்.